கயிறும் ஐயமும்

தொழில்முறையாக மரம் ஏறுபவரின் கைகால் பிடி துணைக்கு மட்டுமே. உடலைத் தாங்குவது கயிறு. இருபது மீட்டர் உயரத்தில் அவர் இரு கைகளையும் விட்டுப் பின்னால் சாய்ந்து ரம்பத்தைக் கையில் எடுக்கிறார். கயிறு தாங்கும் என்பது அப்போது அவருக்குத் தெரியுமா, அல்லது தாங்கும் என்று நம்புகிறாரா? அறிவு எங்கே முடிகிறது, நம்பிக்கை எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான களம் வேறு அதிகம் இல்லை.

அமைப்பு எளிமையானது. இடுப்பையும் இரு தொடைகளையும் சுற்றிவரும் வார்க்கச்சையை ஏறுபவர் அணிகிறார். கச்சையின் முன்புறம் குறுக்கே ஒரு குட்டைக் கயிறு; அதில் நகரும் வளையத்தில் ஏறுகயிறு மாட்டப்படும். பழைய முறையில் கயிறு ஒரு கவட்டையின் மேலாகச் சென்று திரும்பும். ஒரு முனை கச்சையில் இருக்க, மறுபக்கத்தை உராய்வு முடிச்சு ஒன்று பற்றியிருக்கும். எடை இரு பக்கங்களிலும் பாதி பாதியாகப் பகிரப்படும். இன்னொரு முறையில் கயிறு அசையாது நிற்க, ஆள் மட்டும் அதில் மேலேறுவார். கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் கட்டிவிட்டு இப்படி ஏறினால், மேலே உள்ள கிளை அவருடைய எடையைப்போல் ஏறத்தாழ இருமடங்கைச் சுமக்கும். 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 160 கிலோவை நெருங்கும். இது தெரியாமல் கிளையைத் தேர்ந்தெடுப்பவர் பாதிக் கணக்கை நம்பி ஏறுகிறார்.

அமெரிக்கத் தரவிதிகள் ஏறுகயிற்றுக்குக் குறைந்தது 24 கிலோநியூட்டன் அறுபடு வலிமை கேட்கின்றன. அது ஓர் ஆளின் எடையைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு. ஆனால் அந்த எண் புதுக் கயிற்றுக்கு உரியது. ரம்பத்தின் பல் ஒருமுறை பட்ட கயிற்றைப் பற்றி அந்த எண்ணால் எதுவும் சொல்ல முடியாது. உளுத்த கிளையைப் பற்றி அது எப்போதுமே எதுவும் சொன்னதில்லை.

உராய்வு முடிச்சில்தான் இந்தக் கேள்வியின் முழு ஆழமும் இருக்கிறது. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் விளக்கி எழுதிய முடிச்சும், மரம் ஏறுவோர் இன்று பயன்படுத்தும் பல வகைகளும் ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன. கையால் தள்ளினால் முடிச்சு கயிற்றின்மேல் நகரும். எடை இறங்கினால் இறுகிப் பற்றும். ஆகவே எடையைக் கொடுக்காமல் அதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. ஏறுபவர் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கச்சையில் முழுதாக உட்கார்ந்து பார்க்கிறார். அதற்கு முன்பே கிளையைச் சோதிக்க இருவர் கயிற்றைப் பிடித்துத் தொங்கி உலுக்கியிருப்பார்கள். சோதனை என்பது நம்பிக்கைக்கு எதிரானது என்று பரவலாக எண்ணப்படுகிறது. இங்கே அது பொருந்தவில்லை. ஓர் அடி உயரத்தில் செய்வதும் இருபது மீட்டரில் செய்வதும் ஒரே செயல். தவறினால் விழும் தூரம்தான் வேறு.

ஆங்கிலேயக் கணிதவியலாளர் வில்லியம் கிளிஃபர்ட் 1877இல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது என்ற ஐயம் அவருக்கு எழுகிறது. அதை மெல்ல மனத்திலிருந்து விரட்டிவிட்டு, பயணிகளுடன் கப்பலை அனுப்பிவைக்கிறார். கப்பல் மூழ்கினால் அவர் குற்றவாளி. மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்கிறார் கிளிஃபர்ட். அப்படி நம்பும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. அடிமரத்தில் காளான் முளைத்திருப்பதைக் கண்டும், போன வருடம் தாங்கியதே என்று ஏறுபவரின் நிலையும் இதுதான். கிளை தாங்கிவிட்டது என்பதால் அவர் செய்தது சரியாகிவிடாது.

அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இதற்கு எதிர்ப்பக்கம் நின்றார். மலையில் ஒரு பிளவைத் தாண்டியே தீரவேண்டிய ஒருவர், தன்னால் முடியும் என்று நம்பினால் கால் உறுதிப்படும், தயங்கினால் விழுவார். சில இடங்களில் நம்பிக்கையே தன்னை மெய்யாக்கிக்கொள்ளும் என்பது அவர் வாதம். வாதம் வலுவானதுதான், ஆனால் தாண்டுபவரின் தசைகளோடு அதன் எல்லை முடிகிறது. ஏறுபவரின் துணிவு அவர் கையின் நடுக்கத்தை நிறுத்தலாம். உள்ளே உளுத்த கிளைக்கு அதனால் வைரம் ஏறாது.

அப்படியானால் ஐயம் எங்கே நிற்க வேண்டும்? நேற்றுவரை தாங்கியது இன்றும் தாங்கும் என்பதற்கு என்ன உறுதி என்று, கண்ணால் கண்டதையே சான்றாக ஏற்ற பழைய இந்திய மெய்யியலாளர்களான சார்வாகர்கள் கேட்டார்கள். கண்டதிலிருந்து காணாததை அறியும் அனுமானத்தின் அடித்தளத்தையே அசைக்கும் கேள்வி அது. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த நியாயம் என்னும் தர்க்க மரபின் ஆசிரியர் உதயணர் தம் நியாயகுசுமாஞ்சலியில் அதற்கு விடை சொன்னார். ஐயத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஐயப்படுபவரின் சொந்தச் செயலோடு அது முரண்படும் இடமே அந்த எல்லை. பசிக்கு உணவைத் தேடிக்கொண்டே உணவு பசியைத் தீர்க்குமா என்று மெய்யாக ஐயப்பட ஒருவராலும் முடியாது. கேட்க இயலும் எல்லா ஐயமும் ஐயமாகிவிடாது. வார்க்கச்சையின் தையல் பிரிந்திருக்கிறதா, கொக்கியின் பூட்டு விழுந்ததா என்பவை உண்மையான ஐயங்கள், பார்த்தால் தீரும். பார்த்தபின், உச்சியில் தொங்கிக்கொண்டே ‘இருந்தாலும்’ என்று எழுவது வெறும் அச்சம். அச்சத்தில் ஒரு கை கிளையைப் பற்றிக்கொண்டால், ரம்பம் ஒற்றைக் கையில் ஓடும். விபத்து அங்கே தொடங்குகிறது.

இன்னொரு வேறுபாட்டை மெய்யியலாளர் அனெட் பேயர் 1986இல் எடுத்துக்காட்டினார். ஒன்றைச் சார்ந்திருப்பது வேறு, ஒருவரை நம்புவது வேறு. சார்ந்திருந்தது பிசகினால் ஏமாற்றம் வரும்; நம்பியவர் கைவிட்டால் அது துரோகம். கயிற்றின் மேல் யாரும் கோபப்படுவதில்லை. ஆனால் கயிற்றுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள்: அதைப் பின்னியவர், சோதித்துக் கையெழுத்திட்டவர், தரையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பவர். மோட்டார் ரம்பத்தை இயக்கும்போது இரண்டு தனித்தனிப் பிணைப்புகள் வேண்டும் என்ற விதி ஏறுபவர்மேல் கொண்ட அவநம்பிக்கையால் வந்ததில்லை. கை தவறும், கயிறு வெட்டுப்படும் என்பதை ஒப்புக்கொண்டு, அவர் உயிரைக் காக்கும் பொறுப்பைப் பிறரும் பகிர்ந்துகொண்ட ஏற்பாடு அது.

காயம்பட்டு அசைவின்றிக் கச்சையில் தொங்குபவருக்குக் காலில் இரத்தம் தேங்கும்; அவரை நெடுநேரம் அப்படி விட்டுவைக்க முடியாது. தானே இறங்க அவரால் இயலாது. அந்த நிலையில் அவர் சோதித்த எதுவும் அவருக்கு உதவாது. ஏறிச்சென்று இறக்கத் தெரிந்த இரண்டாமவர் மட்டுமே உதவ முடியும். அப்படி ஒருவர் கீழே இல்லாமல் ஆளை மரத்தில் ஏற்றுவது, அவர் பத்திரமாக இறங்கிவந்தாலும், குற்றமே.