மலைக்குப் போதல்: இன்பமும் அறமும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே ‘மலைக்குப் போதல்’ என்னும் வழக்கு வேலைக்குப் போதலையே குறிக்கும். விடியலிற் பிரட்டுக்கு நின்று, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, தனக்குரிய நிரையிற் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்ணுக்கு மலை என்பது காட்சியன்று; தொழிற்களம். நகரத்திலிருந்து வரும் நடைப்பயணிக்கோ அதே தொடர் ஓய்வையும் உவகையையும் உணர்த்தும். ஒரே பாதையில் ஒருவர் உழைப்புக்காகவும் மற்றொருவர் இன்பத்துக்காகவும் நடக்கும்போது, பின்னவரது இன்பம் குற்றமற்றதாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி, அற்றன் பகுதியையும் ஊடறுத்து, நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ’ நடைவழி 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கின்றது. அதன் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டிற் கோப்பியையும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட பின்னர் அதனையும் கொண்டுசெல்ல அமைந்த தோட்டப் பாதைகளாகும். அப்பாதைகளில் உழைத்தோரின் முன்னோர் 1820களிலிருந்து தமிழகத்தினின்றும் வந்தவர்கள். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிய காட்டுவழியிலே பசியாலும் வாந்திபேதியாலும் மடிந்தோர் பலர்.

தேயிலைச் சரிவுகளுக்கு மேலே பைனஸ் காடுகள் எதிர்ப்படுகின்றன. நிமிர்ந்த மரங்களின் ஒழுங்கும், ஊசியிலைகளிற் காற்றெழுப்பும் ஓசையும் நடப்பவனின் மனத்தைக் கவர்கின்றன. ‘இயற்கையின் எழில்’ என அவன் வியக்கிறான். ஆயின் இம்மரம் கரிபியன் பகுதிக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் உரியது. பெரும்பாலும் 1970களை ஒட்டிய காலத்தில் அரசினாற் புல்வெளிகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் நடப்பட்டது. நேற்று வந்த மரத்தை இம்மண்ணின் இயற்கையெனக் கொள்ளும் கண், அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னரே வந்த மக்களை அந்நியராகக் கண்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாற் பங்கிட்டது. எனவே ‘இயற்கை’, ‘அந்நியம்’ என்பன வெறுங் கண்ணுக்குப் புலனாவன அல்ல. மறதியும் அவற்றை வகுக்கின்றது.

ஜேர்மனிய மெய்யியலாளர் கான்ற் 1790இல் வெளியிட்ட நூலில் ஓர் அரண்மனையை எடுத்துக்காட்டாகக் கூறுவர். மக்களின் வியர்வையை வீண் ஆடம்பரத்திற் செலவிட்டனரே என அதனைக் கட்டியோரைக் கண்டிக்கலாம். ஆயின் அது அழகுடையதா என்ற வினாவுக்கு அக்கண்டனம் விடையாகாது என்பது அவர் கருத்து. இக்கூற்றில் உண்மையுண்டு. உழைப்பாளர் துயரத்தை அறிந்தமையால் பனிமூடிய சரிவு அழகற்றதாகிவிடாது. எனினும் கான்றின் விடை கண்ணுக்குப் பொருந்துமேயன்றிக் காலுக்குப் பொருந்தாது. அரண்மனையை நோக்குபவன் அதனைப் பயன்படுத்துவதில்லை. பாதையில் நடப்பவனோ பிறர் வெட்டிய வழியைப் பயன்படுத்துகிறான். பயன்கொள்ளுமிடத்துக் கடனும் தோன்றும்.

அவ்வாறாயின் நடவாதிருத்தலே நேர்மை எனச் சிலர் வாதிடலாம். அதுவும் பொருந்தாது. நாம் விலகி நிற்பதால் எவருடைய கூடையும் இலேசாகப் போவதில்லை. மேலும், அவ்வாதம் அழகை நுகரும் உரிமை வந்து செல்வோருக்கே உரியது என மறைமுகமாக ஒப்புக்கொள்கின்றது. லயத்தில் வாழ்பவரும் கதிரொளியிற் பனி விலகுதலைக் காண்பவரே. அவருக்கு இல்லாதது சுவையுணர்வன்று, ஓய்வே. ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ வரை சென்று மீளும் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் வட்டப்பாதையை எண்ணுக. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் அந்நடையாற் கைக்கொள்ளும் ஊதியம் எதுவுமில்லை. பயன் கருதாது நடத்தலே அதன் மேன்மை. அத்தகைய நடைக்கு உரிமையுடையவன் தன் நேரத்துக்குத் தானே உரியவன். முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதலையே 1865ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது என்பதை நோக்குமிடத்து, இவ்வுரிமையின் அருமை விளங்கும்.

ஆகவே அநீதி நடைப்பயணி இன்புறுதலில் இல்லை. அவ்வின்பம் ஒரு சாராருக்கே வாய்த்திருத்தலில் உள்ளது. அவனுக்குரிய கடன்கள் இதனாற் புலப்படும். பாதையின் வரலாற்றை அறிதல் ஒன்று. கொழுந்தெடுப்போரைக் காட்சிப்பொருளாக்கி, அவர்தம் இசைவின்றிப் படமெடுக்காமை மற்றொன்று. இவ்விரண்டினும் பெரியது மூன்றாவது: குடியுரிமைச் சிக்கலை 2003ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் தீர்த்த பின்னரும், தாம் வாழும் வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி பெறாத குடும்பங்கள் பல உள்ளன, அவர்களது கோரிக்கையை ஊர் திரும்பிய பின்னும் தன் கோரிக்கையாகக் கொள்ளுதல். கல்வி கற்ற நம்மவர்க்கு இக்கடன் இருமடங்காகும். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி கூடையின்றி, கங்காணியின் அழைப்பின்றி, தன் விருப்பினாலேயே ஒரு காலைப்பொழுதில் ‘மலைக்குப் போகிறேன்’ என்று கூறும் நிலை தோன்றும்போதே, அத்தொடரின் இரு பொருள்களும் ஒன்றாகும்.