பொருளிழவும் புதுவினையும்



உலகத்திலே பொருளை இழவாதார் ஒருவரும் இலர். இழந்த பொருளுக்காக வருந்தாதாரும் மிகச் சிலரே. ஆயினும், பொருள் கைவிட்டுப் போன அப்பொழுதிலே தம் வாயிற் பிறந்த சொல் யாது, தம் மனத்தில் எழுந்த நினைவு யாது என்று ஆராய்வார் அரியர். இழந்த பொருளை எண்ணி ஏங்குவதினும் அவ்வாராய்ச்சி பயனுடையது. இதனை எளியேன் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக்கொண்டு ஈண்டுச் சொல்லப் புகுகின்றேன். பிறர் குற்றத்தை எடுத்துரைப்பதினும் தன் குற்றத்தை எடுத்துரைத்தல் ஆசிரியனுக்குத் தகுமாதலின், என் குற்றத்தையே சொல்லுகின்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு மோட்டார் வண்டி இருந்தது. யப்பானிலே செய்யப்பட்டு, முன்னே ஒருவர் ஓட்டிப் பின் விற்ற வண்டி. பல ஆண்டு சேமித்த பணத்தோடு மனைவியின் நகைகளை அடகு வைத்துப் பெற்ற பணத்தையுஞ் சேர்த்து அதனை வாங்கினோம். என் தாயார் மாதந்தோறும் ஆசுபத்திரிக்குப் போவதும், வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் கோணமலைக்குச் சென்று கோணேசப் பெருமானைத் தரிசிப்பதும், மாரிகாலத்தில் அயல்வீட்டுப் பிள்ளைகள் நனையாது பள்ளிக்கூடஞ் சேர்வதும் அவ்வண்டியினாலேயாம். 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருள் அருகியபோது, சீனன்குடாவிலே 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் இத்துறைமுக மாவட்டத்தாராகிய நாமும் ஏனையோரைப் போலவே வரிசையில் நின்றோம். அவ்வரிசையில் இரவு முழுதும் விழித்திருந்து காத்த வண்டியாதலின், அதன்மேல் எனக்குப் பற்று மிகுந்தது. அது பற்றென்று அப்பொழுது யான் அறிந்திலேன், பொறுப்பென்றே எண்ணினேன்.

அடுத்த ஆண்டில் ஓரிரவு, என் மகன் கந்தளாயிலிருந்து வீடு திரும்புகையில், தம்பலகாமத்தை அணுகும் இடத்திலே கட்டாக்காலி மாடொன்று தெருவிற் குறுக்கிட்டது. அதன்மேல் மோதாதிருக்க அவன் வண்டியைத் திருப்பினான். வண்டி மதகுச் சுவரிலே மோதிற்று. மாட்டுக்கு ஊறில்லை, மகனுக்குத் தோளில் அடி, வண்டியோ திருத்த இயலாதவாறு சிதைந்தது. செலவைச் சுருக்குதற்பொருட்டு யான் மூன்றாந் தரப்புக் காப்புறுதி மாத்திரமே செய்திருந்தேன். அது நம்மாற் பிறர்க்கு நேருந் தீங்கை ஈடுசெய்வதன்றி நம் வண்டிக்கு ஒரு சதமுந் தருவதன்று. அன்றியும், 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை அப்பொழுது நீங்கவில்லை. தனியார் வண்டிகளுக்கு அது நீங்கியது 2025 ஆம் ஆண்டு பெப்ருவரியிலேயாம். அதனால், பழைய வண்டிகளும் யாங்கள் முன் வாங்கிய விலையினும் மிக உயர்ந்த விலைக்கு விற்றன. இழந்தது மீளாது என்பது திண்ணமாயிற்று.

இவையெல்லாம் வண்டியின் கதை. என் குற்றம் இனிமேலே வருவது. விபத்து நேர்ந்தவுடன் மகன் தொலைபேசியில் அழைத்து, “அப்பா, மதகிலே மோதிவிட்டேன்” என்றான். யான் கேட்ட முதல் வினா, “வண்டிக்கு என்ன?” என்பதே. அவன் விடை சொல்லவில்லை. அறையினுள்ளே கட்டிலிற் கிடந்த என் தாயார், யான் பேசியது செவிப்பட்டு, “பிள்ளைக்கு என்ன?” என்று கேட்டார். அவர் சித்தாந்த நூல் ஒன்றையேனும் ஓதியறியாதவர். யானோ முப்பது ஆண்டுகளாக, “யான் எனது என்னுஞ் செருக்கே பிறவிக்கு வித்து” என்று மாணாக்கருக்குப் போதித்தவன். அவ்விரண்டு வினாக்களுக்கும் இடையிலுள்ள தூரமே என் கல்விக்கும் அவர் அன்புக்கும் இடையிலுள்ள தூரமென்று அன்றிரவு உணர்ந்து நாணினேன்.

வினை மூவகைத்து என்பதை நீவிர் அறிவீர். அதனைத் தம்பலகாமத்து வயல்களைக்கொண்டு மாணாக்கருக்கு விளக்குதல் எளிது. முற்பிறப்புக்களில் ஈட்டி இன்னும் அனுபவியாது கிடக்குஞ் சஞ்சிதம், பட்டறையிற் சேர்த்த நெல்லுக்கு ஒப்பாம். அதிலிருந்து இப்பிறப்பில் நுகர்தற்கென வந்த பிராரத்தம், உலையிலிட்டு இன்று இலையிற் படைத்த சோற்றுக்கு ஒப்பாம். அதனை நுகருங்கால் நாம் புதிதாக ஈட்டும் ஆகாமியம், இன்று வயலில் விதைக்கும் விதைக்கு ஒப்பாம். இலையிலிட்ட சோற்றை உண்டே தீர்தல் வேண்டும். ஆயின், நாளைக்கு எதனை விதைப்பது என்பது நம் கையிலுள்ளது.

இவ்வாறு நோக்குமிடத்து, வண்டி சிதைந்தது எங்கள் பிராரத்தம். அதனைத் தடுக்க எம்மால் இயலவில்லை. “வண்டிக்கு என்ன?” என்ற சொல்லோ என் ஆகாமியம், அதனை விதைத்தவன் யானே. வண்டியின் இழப்பு ஓரிரவில் முடிந்தது. அச்சொல்லின் விளைவோ பல நாள் எங்கள் வீட்டில் நின்றது. மகன் உண்ணும்போதும் பேசான். தோள் நோவையும் வெளியிடான். பொருளிழவினால் வருந் துன்பம் சிறிது. அத்துன்பத்திலே புதுவினை ஈட்டுதலால் வருந் துன்பமே பெரிது. யான் சொல்லவந்த பொருள் இதுவே.

அங்ஙனமாயின், இழந்தவன் துன்பத்தை வெளியிடாது அடக்கல் வேண்டுமோ எனின், வேண்டா. சுந்தரமூர்த்தி நாயனாரை நோக்குக. சேரமான் பெருமாள் நாயனார் அளித்த பொன்னும் மணியும் ஆடையும் பிறவும் ஏவலர் சுமந்துவரத் திருமுருகன்பூண்டி வழியே அவர் செல்லுகையில், சிவபூதங்கள் வேடுவ வடிவெடுத்து வழிமறித்து அவையெல்லாவற்றையும் பறித்துக்கொண்டன என்று பெரியபுராணங் கூறும். நாயனார் பொருளைப் பறிகொடுத்த ஏவலர்மேற் சினந்தாரல்லர். நேரே திருக்கோயிலுட் சென்று, தம் தோழராகிய பெருமானோடே வழக்காடித் திருப்பதிகம் பாடினார். அவருடைய பொருள்கள் கோயில் வாயிலிலே மீண்டன; நமக்கு அவ்வாறு மீளுமென்று யான் சொல்லேன். ஆற்றாமை எழுமானால் அதனைப் பெருமானிடங் கொண்டுசெல்க. நம்மினும் எளியராய் நம் முன் நிற்பவர் தலைமேல் இறக்காதொழிக என்பதே இதனால் நாம் கொள்ளத்தக்கது.

பிறருடைய இழப்பில் நாம் நடந்துகொள்ளும் முறைமையும் ஈண்டுச் சிந்திக்கற்பாலது. 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கி இக்கரையை அழித்த பின்னர்ப் பள்ளிக்கூடந் திறந்தபோது, யான் செல்வ நிலையாமையைப் பாடமாக நடத்தினேன். தோணியும் வலையும் இழந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன் எழுந்து, “ஐயா, நாளைக்கு அப்பா எதிலே கடலுக்குப் போவார்?” என்று கேட்டான். யான் வினைப்பயனை விளக்கினேன். அவன் அமர்ந்துவிட்டான். அவன் வினாவுக்கு அது விடையன்று என்பதை அறிய எனக்குப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

யான் இளமையிற் கிறித்தவ மிசன் பாடசாலையிற் பயின்றவன். அங்கே யோபு என்பவருடைய சரிதத்தைக் கற்பித்தார்கள். மக்களையும் மந்தைகளையும் இழந்த அவரைத் தேற்றவந்த நண்பர் மூவரும் முதல் ஏழு நாள் வாய்திறவாது அவரருகே தரையில் அமர்ந்திருந்தனர். பின்னர் வாய்திறந்து, அவர் குற்றமே அவர் துன்பத்துக்குக் காரணமென்று வாதித்தனர். முடிவிற் கடவுள் அந்நண்பரையே கடிந்தனர் என்பது அச்சரிதம். அவர்கள் செய்த நன்மை அவ்வேழுநாள் மௌனமே என்று இப்பொழுது எண்ணுகின்றேன். சமயம் வேறாயினும் உண்மை ஒன்றே. வினைக்கொள்கை நம்மை நாமே நோக்குதற்கு ஏற்றிய விளக்கு; துன்புறுவார்மேல் எறிதற்கு எடுத்த கல்லன்று.

மகன் வண்டியைத் திருப்பிய தம்பலகாமமும் நமக்கு ஒன்று கற்பிக்கின்றது. 1622 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கோணேசர் திருக்கோயிலை இடித்து, அக்கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். அடியார்கள் காத்துக் கரந்த திருமேனிகளைத் தம்பலகாமத்திலே ஆதிகோணநாயகர் என வழிபட்டனர் என்பது மரபு. 1950 ஆம் ஆண்டிலே திருக்கோணமலை நகரிற் கிணறு வெட்டுகையில், சோமாஸ்கந்தர் சந்திரசேகரர் முதலிய திருமேனிகள் வெளிப்பட்டன. இடையிற் சென்ற ஆண்டுகள் 328. ஒரு மோட்டார் வண்டியை அப்பேரிழப்போடு ஒப்பிடுதல் தகாது. ஆயினும், கோயிலை இழந்த நம் முன்னோர் வழிபாட்டை இழந்தாரல்லர். பொருள் போனபோதும் அப்பொருள் எதற்காக இருந்ததோ அதனைப் போகவிடாமையே அவர் நமக்குக் காட்டிய நெறி.

எங்கள் வண்டி எதற்காக இருந்தது? தாயாரையும் அயற்பிள்ளைகளையுஞ் சுமத்தற்கன்றோ? அயலிலே முச்சக்கர வண்டி ஓட்டும் இசுலாமிய அன்பர் ஒருவர், தாயாரை ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்று கூலி வாங்க மறுத்தார். தம் மனைவியின் பேறுகாலத்தில் நடுநிசியில் எங்கள் வண்டி வந்ததை அவர் மறந்திலர். யானே அதனை மறந்திருந்தேன். மழைநாளிற் பிள்ளைகளோடு யானும் குடைபிடித்து நடக்கின்றேன். வெள்ளிக்கிழமைகளில் பேருந்தில் இறங்கி, கோட்டை வாயிலிலிருந்து மான்கள் மேயும் வழியே கோயிலுக்கு நடக்கின்றோம்.

பத்தாம் நாள், மகனுடைய தோளுக்கு எண்ணெய் பூசியவாறே, “முதலில் உன்னையே கேட்டிருத்தல் வேண்டும்” என்றேன். அவன் சிறிது நேரஞ் சென்று, “நானும் இறங்கியவுடனே வண்டியைத்தானே பார்த்தேன், அப்பா” என்றான். தந்தையின் பற்று மைந்தனுக்கும் பாடமாகி இருந்ததை அப்பொழுது கண்டேன்.

ஆதலால், ஆசிரியர்களே, நம் மாணாக்கர் நாம் சொல்லும் பாடத்தை மாத்திரங் கற்பவரல்லர். இழப்பு நேருங்கால் நாம் கேட்கும் முதல் வினாவையுங் கற்கின்றனர். உடம்பும் கருவியும் உலகும் நுகர்பொருளும் பெருமான் தந்த இரவலே. இரவற்பொருள் மீளுங்கால் வருந்துதல் மனித இயல்பு. அவ்வருத்தத்தினிடையே பிறர் நெஞ்சைப் புண்படுத்தாதிருத்தல் சைவ ஒழுக்கம். இன்னோரிழப்பு வரும்போது, “பிள்ளைக்கு என்ன?” என்னும் வினா நம் வாயில் முந்திப் பிறக்குமாறு கோணமலைப் பெருமான் திருவருள் புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.