குடத்து நீரும் இரண்டாம் சீலமும்



மழை பொய்த்த ஆண்டில் ஒரு குடம் நீரின் அருமையை நாமெல்லோரும் அறிவோம். பெங்களூரில் 2023-ஆம் ஆண்டு பருவமழை தவறியது. 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றிப்போயின. குடிநீரைக்கொண்டு வாகனம் கழுவலாகாது, தோட்டத்திற்கு இறைக்கலாகாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் ஆணையிட்டது. ஆணை நன்றே. ஆயினும் அபராதம் வாங்குவோர் காணாத இடத்தில் நம்மைக் காப்பது எது? சீலமே யன்றோ!

பஞ்சசீலத்தில் இரண்டாவது, கொடுக்கப்படாததை எடுக்காதிருத்தல். பிறர் பெட்டியைத் திறப்பது மாத்திரமே களவு என்று எண்ணற்க. வீட்டிற்கு இத்தனை குடம் என்று தெருவார் வகுத்திருக்க, விடியுமுன் சென்று இரட்டிப்பாய்ப் பிடிப்பதும், பொதுக் குழாயில் மோட்டார் பொருத்தி உறிஞ்சுவதும், அண்டை வீட்டுக் குழந்தையின் பங்கை எடுப்பதேயாம்.

எடுத்த நீரையும் வீணாக்கலாகாது. கோசாம்பியில் ஆனந்த தேரருக்கு 500 சீவரங்கள் தானமாகக் கிடைத்தன. இத்தனையும் எதற்கு என்று உதயண மன்னன் வினவினான். கந்தல் உடுத்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் தேரர். பழைய சீவரங்கள் விரிப்பாகும், பழைய விரிப்பு மெத்தை உறையாகும், பின்னர் கால் துடைக்கும் துணியாகும், முடிவில் நைந்த கந்தலும் மண்ணோடு பிசைந்து தரை பூச உதவும் என்று விளக்கினார். மன்னன் மகிழ்ந்து மேலும் 500 வழங்கினான் என்பது விநய பிடகத்துச் செய்தி.

துணிக்குச் சொன்னது தண்ணீருக்கும் பொருந்தும். அரிசி களைந்த நீர் செடிக்கு ஆகும். துணி அலசிய கடைசி நீர் தரை துடைக்க ஆகும். தரை துடைத்த நீரும் கழிப்பிடத்திற்கு ஆகும். பணம் செலவில்லாத இப்பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் தம்மப் பணியே.

இன்னொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அள்ளிப் பருகினார். ஆயிரக்கணக்கானோர் அவர் பின் சென்று பருகினர். தாகம் அவர்களை அங்கே அழைக்கவில்லை. மனிதருக்கு மனிதர் சமம் என்னும் உரிமையே அழைத்தது. அவ்வுரிமையை 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது.

இன்று நம்மிற் சிலர் வீட்டிலேயே கிணறும் தொட்டியும் உண்டு. கோடையில் எதிர்வீட்டு ஏழைத் தாய் வெறுங்குடத்தோடு வாசலில் நிற்கையில் நாம் கதவைச் சாத்துவோமாயின், அன்று குளத்தை மறித்தவருக்கும் நமக்கும் வேற்றுமை யாது? நீர் மறுக்கப்பட்டோர் வழிவந்த நாம் நீரை மறுப்பது தகுமோ?

ஆகையால் வரும் பௌர்ணமியில் திரிசரணம் ஓதும்போது ஓர் உறுதி கொள்வோம். நாள்தோறும் நம் செலவில் ஒரு குடம் குறைப்போம். குறைத்த அந்தக் குடத்தை இல்லாத வீட்டிற்கு அளிப்போம். சிக்கனம் அங்கே தானமாக மலரும்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!

சாது! சாது! சாது!