பூஜை நிறைவடையும் இடம்

வங்காளத்தில் 'சுசிபாய்' என்றொரு சொல் உண்டு. தூய்மையே பித்தாகித் தலைக்கேறிய நிலையை அது குறிக்கும். கங்கையில் நீராடிக் கரையேறியவர், வழியில் எதையோ மிதித்துவிட்டோமோ என்று ஐயுற்று மீண்டும் படியிறங்குவார். ஈரத்துணியோடே பொழுது கழியும். கண்டவர்கள் அதை ஆசாரம் என்று போற்றவில்லை. பித்து என்றே பெயரிட்டனர்.

1907-இல் சிக்மண்ட் ஃபிராய்ட் இந்த நோயையும் சமயச் சடங்கையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஒழுங்கு பிசகாத செயல், விடுபட்டால் எழும் அச்சம், இடையூறு பொறாமை ஆகியவை இரண்டிற்கும் பொது என்றார். சமயத்தை மனிதகுலம் முழுமைக்குமான மனநோய் என்றே அவர் கூறத் துணிந்தது மிகை. ஆயினும் அவர் காட்டிய ஒற்றுமை பொய்யன்று. மும்முறை ஆசமனமும் நூற்றெட்டு ஜபமும் புறக்கண்ணுக்கு வேறெப்படித் தோன்றும்?

வேறுபாடு முடிவில் இருக்கிறது. பூஜையின் இறுதியில் க்ஷமா பிரார்த்தனை வருகிறது. மந்திரத்திலும் கிரியையிலும் பக்தியிலும் குறை நேர்ந்திருக்கும் என்பதைச் சடங்கே ஒப்புக்கொண்டு, அக்குறையையும் இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்திருக்கச் சொல்கிறது. நோயுற்றவரால் அப்படி எழ முடிவதில்லை. 'சரியாகச் சொன்னேனா?' என்ற ஐயம் நூற்றெட்டாவது மணியிலிருந்து அவரை மீண்டும் முதல் மணிக்கே இழுத்துச் செல்கிறது.

இத்துன்பம் மகான்களையும் விட்டதில்லை. 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா நகரில் தங்கியிருந்த புனித இஞ்ஞாசியார், பாவசங்கீர்த்தனம் செய்த பின்பும் ஏதோ விடுபட்டது என்று கலங்கினார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட எழுந்தது. பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதே இல்லை என்று உறுதி பூண்டபோதுதான் விடுபட்டார். தற்செயலாகச் சிலுவை வடிவில் கிடந்த இரு வைக்கோல் துரும்புகளை மிதித்ததைப் பாவமென்று அஞ்சுவதைப் பிற்காலத்தில் அவரே தவறான ஐயத்திற்கு உதாரணமாக எழுதினார்.

இன்றைய சிகிச்சையும் ஏறக்குறைய அவ்வழியே செல்கிறது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் விவரித்த முறையில், நோயாளி ஐயத்தைத் தாங்கிக்கொள்கிறார். செயலை மட்டும் திரும்பச் செய்வதில்லை. மருந்துகளும் துணை நிற்கின்றன. இத்தகையவரிடம் 'இன்னும் அதிகம் ஜபம் செய்' என்று கூறுவது தீயில் நெய் வார்ப்பது போலாகும். 'ஒருமுறை செய்து நிறுத்துங்கள்' என்று மருத்துவர் சொன்னால், அபசாரம் என்று வீட்டார் அஞ்சுவதுண்டு. அங்கே தீட்சை தந்த குருவே, 'ஒருமுறை போதும், இறைவன் ஏற்றுக்கொண்டார்' என்று சொல்லிவிட்டால், மருத்துவரின் வேலை பாதி எளிதாகிவிடும்.