உடம்பின் நிலையாமையும் உணவு பேணலும்

உடம்பு நிலையற்றது, ஆகலின் அதற்கிடும் உணவு யாதாயினும் ஆகுக, அதனை ஆராய்தல் மெய்ந்நெறி நிற்பார்க்கு வேண்டாவென அன்பர் சிலர் கூறுப. இக்கூற்றுப் பொருந்துமாவென ஈண்டு ஆராய்வாம்.

உடம்பு நிலையாதென்பது உண்மையே. ஆயினும், தனு கரண புவன போகங்கள் உயிர் மலநீங்கி உய்தற்பொருட்டு இறைவனால் அளிக்கப்பட்டன என்பது சித்தாந்தத் துணிபு. இரவலாகப் பெற்ற கருவியை 'இஃது என்னுடையதன்று' எனப் பாழ்படுத்துவான் பற்றற்றவனாகான். கொடுத்தானுக்குப் பிழைத்தவனே ஆவான். திருமூலர் மூன்றாந் தந்திரத்துள் காயசித்தி உபாயம் ஓதியதூஉம் உடம்பின் பயன் கருதியே என்க.

இனி, உணவை ஆராயாமையால் நேர்வது யாதென்பதற்கு நிகழ்ந்ததொன்று காட்டுதும். சாவகத்தீவின் பட்டேவியா நகரில், 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எய்க்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். கால்கள் வலியிழந்து இதயந் தளர்ந்து மாய்தற்கு ஏதுவாகும் நோய் அது. தீட்டிய வெள்ளரிசிச் சோறு தின்ற கோழிகள் அந்நோயை ஒத்த தளர்ச்சியுற்றன. தவிடு நீக்காத அரிசி இட்டபின் தேறின. தவிட்டோடு கழிந்த சத்தொன்றின் குறைவே காரணமெனப் பின்னர்த் தெளியப்பட்டது. 1926-இல் அந்நகரிலேயே தவிட்டினின்று பிரித்தெடுக்கப்பட்ட அச்சத்தையே வைட்டமின் பி1 என்ப. மலாய் நாட்டிலும், வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பலர் அந்நோய்ப்பட, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால் அச்சத்து அரிசியினுட் புகுதலின், தீட்டியபின்னரும் ஒருபங்கு எஞ்சுகின்றது.

அரிசியைத் தீட்டுமாறு வேண்டியது உடம்பன்று. வெண்மையை விழைந்த கண்ணும் மென்மையை விழைந்த நாவுமே. 'யாதாயினும் ஆகுக' என்பார்தம் இலையிற் கைக்குத்தலரிசிச் சோற்றை இட்டுப் பார்மின். நிறங்கண்டு முகஞ்சுளிப்பார் பலர். அவர் புறக்கணித்தது நன்மையையேயன்றி விருப்பையன்று. இது துறவாமாறு யாங்ஙனம்? புலன்வழிச் சேறலே துறவின் வேடம் புனைந்து வந்ததென்க.

அற்றேல், சத்துக்களை எண்ணியெண்ணி உண்டல் உடம்பின்கட் பற்றினை வளர்க்குமன்றோவெனின், அளவு கடப்பின் வளர்க்கும். ஆனால் வேண்டுவன எளியனவே. மிகத் தீட்டாத அரிசி, முருங்கைக்கீரை, பயறு, நெல்லிக்கனி இவை செல்வர்க்கே உரியன அல்ல. அரிசியைப் பலகாற் கழுவாமையும், வடித்த கஞ்சியைக் கொட்டாமையும் பொருட்செலவு வேண்டுவனவுமல்ல. ஒருகால் அறிந்து வழக்கமாக்கிக் கொண்டபின் நாடோறும் இவற்றை நினைந்திருத்தலும் வேண்டா.

இன்னுமொன்று. தனியொருவன் தன்னுணவில் அசட்டையாயிருப்பின் கேடு அவனளவில் நிற்கும். இல்லறத்தானது அசட்டையோ மனைவி மக்களையும் தாக்கும். அன்னதானம் புரிவானது அசட்டை பசித்து வந்தாரையும் தாக்கும். இட்டதை உண்பார்க்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லை. அவ்வுரிமை முழுதும் இடுவான் கையது. ஆகலின் உணவாராய்ச்சி மருத்துவர்க்கே உரியதன்று, அறத்தின் பாற்பட்டதுமாம்.

உண்ணும் அளவைக் குறைத்தலும் நோன்பிருத்தலும் சான்றோர் ஒழுக்கம். குறைத்துண்ணும் அச்சிறிதும் நல்லதாதல் வேண்டும். நிலையாத உடம்பைக்கொண்டே நிலைத்த பயனை எய்தல் வேண்டுதலின், அது நிற்குங்காறும் பணிக்கு உதவுமாறு காத்தல் நம்மனோர் கடனென்க.