ஒரு வாக்கும் ஓர் உயிரும்



தேர்தல் முடிந்ததும் எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்று எண்ணுகிறோம். இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாக நின்றால், சபையில் ஒவ்வொரு வாக்கும் பொன்னாகிவிடும். மனிதருடைய மனச்சாட்சி சோதிக்கப்படுவதும் அப்போதுதான்.

1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் நடந்ததைக் கேளுங்கள். பெரும்பான்மை இழந்திருந்த பிரதமர் கலகனின் தொழிற்கட்சி அரசுமீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். அக்கட்சி உறுப்பினர் சேர் அல்பிரட் புரோட்டன் கடும் நோயுற்றிருந்தார். வர அவர் ஆயத்தமாகவே இருந்தார். ஆனால் பிரயாணத்தில் உயிர் பிரியலாம் என வைத்தியர்கள் எச்சரித்தனர். அவரைக் கொண்டுவர வேண்டாம் எனப் பிரதமர் தீர்மானித்தார்.

நோயாளி ஒருவர் வர இயலாவிட்டால், எதிர்த்தரப்பில் ஒருவர் வாக்களியாதிருந்து ஈடுசெய்வது அங்குள்ள வழக்கம். ஆளும் கட்சித் துணைக் கொறடா ஹரிசன் அதனை எதிர்க்கட்சித் துணைக் கொறடா வெதரிலிடம் கேட்டார். இத்தகைய வாக்கெடுப்புக்கு அது பொருந்தாது என்றார் வெதரில். ஆயினும் தம் சொல்லைக் காக்க விரும்பி, தாமே வாக்களியாதிருக்க முன்வந்தார். அது அவருடைய அரசியல் வாழ்வை அழித்துவிடும் என்றறிந்த ஹரிசன் அதனை ஏற்கவில்லை.

முடிவு 311க்கு 310. ஒரே வாக்கினால் அரசு வீழ்ந்தது. ஐந்தாம் நாள் புரோட்டன் மரித்தார். மே மாதத் தேர்தலில் தோற்ற அக்கட்சி, 18 ஆண்டுகள் ஆட்சிக்கு வரவில்லை.

இனத்தைக் காக்க ஒருவனைப் பலிகொடுப்பதே இலாபம் என்று கணக்கிட்டான் தலைமைக்குரு கைப்பாஸ். அந்தக் கணக்கே நம் ஆண்டவரைச் சிலுவைக்கு அனுப்பியது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு, தவறிய ஒன்றைத் தேடிச் செல்லும் நல்லாயனின் கணக்கோ வேறு. அன்றிரவு இரு கட்சியிலும் சிலர், தாம் அறிந்தோ அறியாமலோ, அந்தக் கணக்கையே பின்பற்றினர்.

எமது நாட்டிலும் 1964 டிசம்பர் 3ஆம் திகதி ஓர் அரசு ஒரே வாக்கினால் தோற்றது. ஆகவே, ஒரு வாக்குத்தானே என்று எண்ணி அதனை விற்காதீர்கள். கள்ள வாக்குப் போடாதீர்கள். அதேவேளை, கட்சிக்காக அயலவரைப் பகைத்து, சகோதரனோடு பேச்சை விட்டுவிட்டுத் திவ்விய நற்கருணைக்கு வராதீர்கள். தேர்தல் ஒரு நாளில் முடியும்; அயலவர் என்றும் அயலவரே.

வாக்கு என்றால் எம் மொழியில் கொடுத்த சொல்லும்தான். இரண்டையும் மாசின்றிக் காக்க ஆண்டவர் அருள்புரிவாராக.