விலையும் பொருத்தமும்

வணிகத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கிய மார்க்கம், இலாபத்துக்கு எண்ணால் எல்லை வகுக்கவில்லை. ஓர் ஆடு வாங்கிவர நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவரோ இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் ஒப்படைத்தார். அண்ணலார் கடியவில்லை, அவருடைய வணிகத்தில் பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள். புகாரியில் பதிவான இந்நிகழ்ச்சியைக் காட்டி, "வாங்குபவர் சம்மதித்தபின் எந்த விலையும் ஹலால்தானே?" என்று கேட்கும் வணிகர் நம்மிடையே உண்டு. விடை, 'சம்மதம்' என்ற அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

திருக்குர்ஆன் (4:29) இருவருடைய மனப்பொருத்தத்துடன் நடக்கும் வணிகத்தையே அனுமதிக்கிறது. அறியாதவனின் தலையசைப்பு பொருத்தமாகுமா? சரக்குடன் வருவோரைச் சந்தை நிலவரம் அறியுமுன் வழிமறித்து வாங்குவதை நபியவர்கள் தடுத்தார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்கும் 'நஜ்ஷ்' என்னும் சூதையும் விலக்கினார்கள். இரண்டிலும் குற்றம் விலையின் அளவில் இல்லை, மறைப்பில் இருக்கிறது.

இனி நம் தியாகராய நகருக்கு வருவோம். பாண்டி பஜாரில் பேரம் பேசுவது ஆகுமானதே. ஆனால், "கொள்முதலே இவ்வளவு" என்று பொய்யுரைத்தால் பொருத்தம் பறிபோகிறது. பெருநாளையொட்டி விலையை ஏற்றி எழுதி, பின்னர் "பாதி விலை" எனப் பலகை வைப்பதும் நஜ்ஷின் புதுவடிவமே. ஒரு பொருள் வழக்கமாக விற்கும் விலையைப் பற்றி மக்களை ஏமாற்றுவது முறையற்ற வணிகம் என 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கூறுகிறது.

பொட்டலப் பொருள்களில் அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலையை அரசாங்கமே நிர்ணயிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலான பொருள்களுக்கு அதைக் குறிப்பவர் உற்பத்தியாளரே. அதற்கு மேல் விற்கலாகாது என்பதே 2011ஆம் ஆண்டின் விதி. ஆயினும், குளிரூட்டிய தண்ணீர்ப் புட்டிக்கு இரண்டு ரூபாய் கூட்டி வாங்கும் பெட்டிக்கடைகள் உண்டு. இருக்கையும் உபசரிப்பும் அளிக்கும் ஓட்டல்கள் கூடுதலாகப் பெறலாம் என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது; வாசலிலேயே வாங்கிச் செல்லும் கடைக்கு அது பொருந்தாது. மின்கட்டணம் ஏறுகிறது, கம்பெனி தரும் கழிவோ சொற்பம் என்பது கடைக்காரரின் முறையீடு. அது உண்மையே. ஆனால் அதை முறையிட வேண்டிய இடம் கம்பெனி. தாகத்தோடு வந்தவரின் சட்டைப்பை அன்று. தாமே கலக்கும் நன்னாரி சர்பத்துக்கு அவர் தம் விலையை எழுதி வைக்கலாம், தடுப்பார் இல்லை.

வணிகரை மட்டும் நிறுத்துவைப்பது நீதியாகாது. குளிர்பதனக் கடையில் ஒட்டியிருக்கும் விலையை வாய்திறவாமல் கொடுத்துவிட்டு, மயிலை மாடவீதியில் கீரை விற்கும் மூதாட்டியிடம் ஐந்து ரூபாய்க்கு வழக்காடுகிறோம். பொழுது சாய்ந்தால் கீரை வாடிவிடும். அதனால் அவள் இசைகிறாள். அறியாமையில் பிறந்த சம்மதம் பொருத்தமன்று எனில், இல்லாமையில் பிறந்த சம்மதம் மட்டும் பொருத்தமாகிவிடுமா?

விற்கும்போதும் வாங்கும்போதும் கொடுத்ததைத் திரும்பக் கேட்கும்போதும் பெருந்தன்மை காட்டுபவருக்கு இறையருளை வேண்டினார்கள் நம் பெருமானார். அந்த துஆவில் நமக்கும் பங்கு கிடைக்க வல்ல அல்லாஹ் அருள்வானாக!